காமா கதிரின் டோஸை அளந்து, டி.என்.ஏ முறிவை எண்ணுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோபால்ட்-60 காமா சேம்பர் (கதிரியக்க கோபால்ட்டின் காமா கதிரை மாதிரிமேல் செலுத்தும் கவசக் கருவி) இருக்கும் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பிளாஸ்மிட்டை (வளைய வடிவச் சிறு டி.என்.ஏ) எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. அந்த இடத்தில், அந்தக் குழாய்க்குள், ஒரு நிமிடத்தில் எத்தனை கிரே (கதிர் டோஸின் அலகு) விழுகிறது? டி.என்.ஏவைச் சுற்றியுள்ள நீரில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது? முறிந்த டி.என்.ஏவையும் முறியாததையும் மின்சாரத்தில் ஓடவிட்டுப் பிரிப்பது ஜெல்; இவை தெரியாமல் எடுத்த ஜெல் படத்தில் பட்டைகள் அழகாகவே தெரியும். ஆனால் அதிலிருந்து ஓர் எண்ணைக்கூட நம்பி எழுத முடியாது.

அதனால் இந்த வழிகாட்டி ஜெல்லில் தொடங்காமல் டோஸில் தொடங்குகிறது. பாதிக்கு மேல் டோஸ் அளப்பதற்கே போகும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. காமா சேம்பரைத் தொட உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், உங்கள் பெயரில் டிஎல்டி பேட்ஜும் (நீங்கள் வாங்கும் டோஸைப் பதிவு செய்யும் பட்டை) வேண்டும். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சேம்பர் தன் கவசத்துக்குள்ளேயே கதிர் மூலத்தை (கோபால்ட்டை) வைத்திருக்கும் கருவி என்பதால், ஒழுங்காக இயங்கும்போது உங்களுக்கு வரும் டோஸ் மிகக் குறைவு. பேட்ஜ் அணிவது, அது எப்போதும் ஒழுங்காகத்தான் இயங்குகிறது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்பதற்காக.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சேம்பருக்கு வெளியே சர்வே மீட்டர் காட்டும் மைக்ரோசீவர்ட் உங்கள் பாதுகாப்புக்கான எண். சேம்பருக்குள் மாதிரி வாங்கும் கிரே, ஒரு கிலோ பொருளில் எத்தனை ஜூல் இறங்கியது என்பதைச் சொல்லும் எண். முதலாவதை வைத்து இரண்டாவதைக் கணக்கிட முயலாதீர்கள்.

அப்புறம் பொருட்கள்:

- மோர் உப்பு (ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்), சோடியம் குளோரைடு, அடர் கந்தக அமிலம். மூன்றும் பகுப்பாய்வுத் தரம்.
- மும்முறை வடித்த நீர், அல்லது கரிமப் பொருளை நீக்கும் புற ஊதா விளக்கு உள்ள கருவியிலிருந்து அன்றன்று பிடித்த மீத்தூய நீர்.
- 304 நானோமீட்டரில் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், 1 செ.மீ குவார்ட்ஸ் க்யூவெட். சாதாரணக் கண்ணாடி க்யூவெட் அந்த அலைநீளத்தில் ஒளியை விழுங்கிவிடும்.
- பிபிஆர்322 பிளாஸ்மிட் (4361 பேஸ் இணைகள்). 90 சதவீதத்துக்கு மேல் முறுக்கு வடிவில், அதாவது முறிவில்லாத முறுக்கிய வளையமாக, இருக்க வேண்டும்.
- பாஸ்பேட் பஃபர், டிரிஸ், டிஎம்எஸ்ஓ, அகரோஸ், எத்திடியம் புரோமைடு, ஜெல் படமெடுக்கும் கருவி.
- இரண்டு தனித்தனி பைப்பெட் தொகுதிகள், இரண்டு தனித்தனி ரேக்குகள். ஒன்று இரும்புக்கு, ஒன்று டி.என்.ஏவுக்கு.

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடந்துபோகிறவர்களே அதிகம். டோஸ் அளக்கப் பயன்படும் கரைசலில் இருப்பது ஃபெரஸ் இரும்பு. அது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால், டி.என்.ஏவைத் தாக்கி உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும். கதிர்பட்ட நீரில் பெராக்சைடு எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆகவே பைப்பெட் முனையில் ஒட்டிய இரும்புத் துளி டி.என்.ஏ குழாய்க்குள் போனால், சேம்பரை விட்டு வெளியே வந்த பிறகும் டி.என்.ஏ உடைந்துகொண்டே இருக்கும். அந்த முறிவைக் கதிரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

## 2. குழாயையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

டி.என்.ஏவை எந்தக் குழாயில், சேம்பரின் எந்த இடத்தில், எந்த ஹோல்டரில் வைக்கப் போகிறீர்கள் என்பதை டோஸ் அளக்கும் முன்பே தீர்மானியுங்கள். சேம்பருக்குள் மூலப் பென்சில்கள் (கோபால்ட் அடைத்த குச்சிகள்) சுற்றிலும் வளையமாக நிற்கும். நடுவில் ஒரு டோஸ், சுவரோரம் அதைவிடக் கூடுதல் டோஸ், மேல் விளிம்பில் இன்னொன்று. கருவியோடு வந்த சான்றிதழில் இருக்கும் எண் பெரும்பாலும் மையப் புள்ளிக்கானது. உங்கள் குழாய் மையத்தில் இல்லையென்றால் அந்த எண் உங்களுடையதல்ல.

ஹோல்டர் அக்ரிலிக்கில் இருக்கட்டும். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் 4 முதல் 5 மி.மீ கனம் வேண்டும். கோபால்ட்-60 உமிழும் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்கள் நேரடியாக டோஸைத் தருவதில்லை. அவை தட்டியெழுப்பும் எலக்ட்ரான்கள்தான் தருகின்றன. அந்த எலக்ட்ரான்கள் சில மி.மீ பயணிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் 50 மைக்ரோலிட்டர் மாதிரியைச் சும்மா நிறுத்தினால், உள்ளே நுழையும் எலக்ட்ரானும் வெளியேறும் எலக்ட்ரானும் ஈடாகாது. டோஸ் எவ்வளவு என்பது சுற்றியிருக்கும் உலோகத்தையும் காற்றையும் பொறுத்து மாறும். சுற்றிலும் நீருக்கு நிகரான பொருள் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

டி.என்.ஏவைப் பனிக்கட்டியில் வைத்துக் கதிர்ப்படுத்துவதாக இருந்தால், டோஸையும் பனிக்கட்டியில் வைத்தே அளக்க வேண்டும். பனிக்கட்டியும் கதிரைக் கொஞ்சம் தடுக்கும். வெறும் ஹோல்டரில் அளந்த எண்ணைப் பனிக்கட்டிச் சோதனைக்குப் போடுவது மிகவும் பரவலான தவறு.

## 3. ஃப்ரிக் கரைசல் தயாரித்தல்

ஃப்ரிக் கரைசலில் கதிர் பட்டதும் ஃபெரஸ் இரும்பு ஃபெரிக்காக மாறும். எவ்வளவு மாறியது என்பதை 304 நானோமீட்டரில் அளந்தால் டோஸ் நேராகக் கிடைத்துவிடும். இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுத் தரப்படுத்த வேண்டியதில்லை. 20 முதல் 400 கிரே வரை நம்பலாம். நம் டி.என்.ஏ சோதனைக்கு இதுவே போதும்.

ஒரு லிட்டருக்கு:

1. சுமார் 900 மி.லி நீரில் 22 மி.லி அடர் கந்தக அமிலத்தை மெதுவாகச் சேருங்கள். அமிலம்தான் நீருக்குள் போக வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் தெறிக்கும். இதனால் கிடைப்பது 0.4 மோலார் அமிலம்.
2. ஆறிய பிறகு 0.058 கிராம் சோடியம் குளோரைடு.
3. 0.392 கிராம் மோர் உப்பு. இது 1 மில்லிமோலார் ஆகும்.
4. நீர் விட்டு ஒரு லிட்டராக்குங்கள். கண்ணாடிப் புட்டியில், இருட்டில் வையுங்கள்.

குளோரைடு எதற்கு என்று கேட்பார்கள். நீரில் கரிம அசுத்தம் துளி இருந்தாலும் அது ரேடிக்கல்களைப் பிடித்து, இயல்பைவிட அதிக இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்யும் சங்கிலியைத் தொடங்கிவிடும். டோஸ் கூடுதலாகத் தெரியும். குளோரைடு அந்தச் சங்கிலியை அடக்குகிறது. ஆனால் முழுவதுமாக அல்ல. ஆகவே பிளாஸ்டிக் வாஷ் பாட்டிலில் நாள்கணக்கில் நின்ற நீரை இதற்கு எடுக்காதீர்கள். நீர் சரியில்லாத கரைசல் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியாது, தவறான விடையை மட்டும் தரும்.

இன்னொரு சோதனை: கதிர்படாத கரைசலை 0.4 மோலார் அமிலத்துக்கு எதிராக 304-இல் அளந்து பாருங்கள். 1 செ.மீ க்யூவெட்டில் உறிஞ்சல் 0.1-ஐத் தாண்டியிருந்தால் கரைசல் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

## 4. கதிர்ப்படுத்தி டோஸ் வீதத்தைக் கண்டுபிடித்தல்

டி.என்.ஏவுக்குப் பயன்படும் அதே வகைக் குழாயில் 1 மி.லி ஃப்ரிக் கரைசலை எடுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து கரிமப் பொருள் கரையும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. கதிர்படாத கட்டுப்பாட்டுக் குழாயையும் அதே பிளாஸ்டிக்கில், அதே நேரம் வையுங்கள். கூடவே ஒருமுறை, அதே அளவுள்ள கண்ணாடிக் குழாயிலும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பிளாஸ்டிக்கை நம்பலாம்.

ஒரே ஒரு நேரத்துக்கு மட்டும் அளந்து, நிமிடத்தால் வகுத்துவிடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அடுத்த பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தட்டு கீழே இறங்கி மூலத்தை அடையும்போதும், திரும்ப ஏறும்போதும் கதிர் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. டைமர் அதை எண்ணுவதில்லை. இதைப் பயண டோஸ் என்று வைத்துக்கொள்வோம். கண்டுபிடிக்க, குறைந்தது ஐந்து வெவ்வேறு நேரங்களுக்கு அளந்து, நேரத்துக்கு எதிராக டோஸை வரைபடமாக்குங்கள். நேர்கோடு வரும். கோட்டின் சாய்வு டோஸ் வீதம். நேரம் சுழியாகும் இடத்தில் கோடு வெட்டும் உயரம் பயண டோஸ். உதாரணமாக, வீதம் நிமிடத்துக்கு 20 கிரே, பயண டோஸ் 3 கிரே என்றால், 30 விநாடி வைத்த மாதிரி வாங்கியது 10 அல்ல, 13. அந்த ஒரு புள்ளியில் முப்பது சதவீதப் பிழை. 10 நிமிடம் வைத்ததிலோ அதே 3 கிரே கண்ணுக்கே தெரியாது. குறைந்த டோஸில் மட்டும் டி.என்.ஏ விசித்திரமாக அதிகம் உடைவது போலத் தோன்றினால், உயிரியலைத் தேடும் முன் இதைப் பாருங்கள்.

மேல் வரம்பையும் மறக்க வேண்டாம். ஃப்ரிக் வினை கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே நடக்கிறது. 400 கிரேயைத் தாண்டும்போது ஆக்சிஜன் தீரத் தொடங்கும். அதன் பின் இரும்பு மாறும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். புதிதாக மூலம் நிரப்பிய சேம்பரில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே இந்த எல்லையைத் தொட்டுவிடலாம். வரைபடத்தில் கடைசிப் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே வளைந்தால் காரணம் இதுதான். அவற்றை விட்டுவிட்டுக் கோட்டை வரையுங்கள்.

## 5. உறிஞ்சலிலிருந்து கிரேக்கு

ஃபெரிக் அயனியின் மோலார் உறிஞ்சல் கெழு 25 டிகிரி செல்சியஸில் 2174 லிட்டர்/(மோல்·செ.மீ). கோபால்ட்-60 கதிருக்கு ஒரு ஜூலுக்கு 1.61 மைக்ரோமோல் ஃபெரிக் உருவாகிறது. கரைசலின் அடர்த்தி ஒரு மி.லிக்கு 1.024 கிராம். இவற்றைச் சேர்த்தால் 1 செ.மீ க்யூவெட்டுக்கு எளிய சூத்திரம் கிடைக்கும்:

டோஸ் (கிரே) = 279 × (கதிர்பட்டதன் உறிஞ்சல் − கதிர்படாததன் உறிஞ்சல்)

100 கிரேக்கு வேறுபாடு சுமார் 0.36 வர வேண்டும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து மடங்குத் தவறு நேர்ந்தால் உடனே தெரியும்.

இது 25 டிகிரியில் அளந்ததற்கு. அளக்கும் அறையின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உறிஞ்சல் 0.69 சதவீதம் கூடும். சித்திரையில் ஏசி நின்றுபோன அறையில் 32 டிகிரியில் அளந்தால் டோஸ் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாகத் தெரியும். கதிர்ப்படுத்தும்போது இருக்கும் வெப்பத்துக்கு விளைவு குறைவு, டிகிரிக்கு 0.15 சதவீதம், ஆனால் பனிக்கட்டியில் வைத்தால் அதுவே 4 சதவீதத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் திருத்தம்:

திருத்திய டோஸ் = மேலுள்ள டோஸ் ÷ [1 + 0.0069 × (அளக்கும் வெப்பம் − 25)] ÷ [1 + 0.0015 × (கதிர்ப்படுத்திய வெப்பம் − 25)]

கணினியில் ஒரு தாளாகப் போட்டு வைத்தால் போதும். ஆனால் வெப்பத்தை அளந்து எழுத வேண்டியது நீங்கள்தான். அறை வெப்பம் என்று மட்டும் எழுதிய குறிப்பேட்டை வைத்துப் பின்னால் எதையும் திருத்த முடியாது.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரின் அலைநீளத்தை ஹோல்மியம் வடிகட்டியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபெரிக்கின் உச்சம் அகலமானது என்பதால் ஓரிரு நானோமீட்டர் பிசகினால் பெரிய நஷ்டமில்லை. அதைவிடக் கூடினால் நஷ்டம்தான்.

## 6. நாள்தோறும் தேயும் மூலம்

கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதம் 1.1 சதவீதம் என்ற வேகத்தில் டோஸ் வீதம் குறைந்துகொண்டே வரும். ஆறு மாதத்தில் 6 சதவீதத்துக்கு மேல், மூன்று ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் அளந்த வீதத்தைக் கடைசி ஆண்டுவரை அப்படியே பயன்படுத்தினால், உங்கள் முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் வெவ்வேறு கிரேயில் பேசும்.

எனவே அளந்த தேதியையும் வீதத்தையும் ஒன்றாகவே எழுதுங்கள். ஒவ்வொரு சோதனை நாளுக்கும் தேய்மானத்தைக் கணக்கிட்டு நேரத்தைக் கூட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ரிக்கை மறுபடி அளந்து, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் யாரோ ஹோல்டரை மாற்றியிருப்பார்கள். பயண டோஸும் இதே விகிதத்தில் குறையும், அதையும் திருத்துங்கள்.

மூலம் தேய்ந்துவிட்டது என்று புலம்ப வேண்டியதில்லை. டி.என்.ஏ வேலைக்கு மெதுவான சேம்பர்தான் நல்லது. நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்கலாம். ஆனால் பயன்பாட்டிலிருந்து ஓய்ந்த கருவியை யாரும் தாமாக அப்புறப்படுத்தக் கூடாது. 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்குப் போன ஆராய்ச்சிக் காமா கருவியில் இருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைப் பறித்தது, பலரைக் காயப்படுத்தியது.

## 7. டி.என்.ஏவைச் சுற்றியுள்ள நீர்

இனி டி.என்.ஏ. நீர்த்த கரைசலில் கதிர் டி.என்.ஏவை நேரடியாகத் தாக்குவது அரிது. நீர் மூலக்கூறுகள் உடைந்து உருவாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்தான் தாக்குகிறது. அந்த ரேடிக்கலை வேறொரு பொருள் வழியிலேயே பிடித்துவிட்டால் டி.என்.ஏ தப்பிக்கும். அப்படிப் பிடிக்கும் பொருளை ஸ்கேவஞ்சர் என்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், நாம் அன்றாடம் பயன்படுத்தும் பஃபர்களே ஸ்கேவஞ்சர்கள். கடையில் வாங்கும் பிளாஸ்மிட் டிஇ பஃபரில் வரும். அதில் 10 மில்லிமோலார் டிரிஸ் இருக்கிறது, உலோக அயனிகளைக் கட்டிப்போடும் இடிடிஏவும் இருக்கிறது. இரண்டும் ரேடிக்கலைத் தின்னும். எத்தனாலில் வீழ்படிவாக்கி, சரியாக உலர்த்தாமல் விட்ட பிளாஸ்மிட்டில் மிஞ்சிய எத்தனாலும் தின்னும். என்சைம் சேமிப்பு பஃபரில் இருக்கும் கிளிசராலும் அப்படித்தான். இரண்டு மாணவர்கள் ஒரே டோஸில் வெவ்வேறு முறிவு எண்களைப் பெற்று, ஒருவரையொருவர் சந்தேகிப்பது இதனால்தான்.

அதற்காக எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தூய பாஸ்பேட்டில் செய்தால் என்ன? பாஸ்பேட் ஹைட்ராக்சிலோடு ஏறக்குறைய வினைபுரிவதில்லை என்பது உண்மை. ஆனால் அப்போது டி.என்.ஏ மிகச் சில கிரேயிலேயே சிதைந்துவிடும். பயண டோஸே பாதிச் சோதனையை முடித்துவிடும். டி.என்.ஏவின் செறிவு கொஞ்சம் மாறினாலும் விடை மாறும்.

நான் பரிந்துரைப்பது நடுவழி. ஸ்கேவஞ்சர் இருக்கட்டும், ஆனால் எது, எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்.

1. பிளாஸ்மிட்டை 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபருக்கு (பிஹெச் 7.4) எதிராக டயாலிசிஸ் செய்து டிஇ பஃபரை முழுவதும் வெளியேற்றுங்கள். இடிடிஏ போய்விடுவதால் உலோகத் தூசு விடுதலையாகும். அதனால் பாஸ்பேட் பஃபரை முன்பே, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் பிசின் வழியாக விட்டு எடுங்கள்.
2. பிறகு டிரிஸ் சேர்த்து 10 மில்லிமோலார் ஆக்குங்கள். பிஹெச்சை மறுபடி பாருங்கள். டிரிஸ் ஹைட்ராக்சிலோடு வினைபுரியும் மாறிலி சுமார் 1.5 × 10⁹ லிட்டர்/(மோல்·விநாடி). ஆக, பிடிக்கும் திறன் விநாடிக்கு 1.5 கோடி.
3. டி.என்.ஏவை மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கொண்டுவாருங்கள். இந்த அளவில் டி.என்.ஏ தானே பிடிக்கும் ரேடிக்கல் டிரிஸ் பிடிப்பதைவிட மிக மிகக் குறைவு. ஆகவே செறிவில் சிறு பிசகு விடையைக் கெடுக்காது.

மூன்றாவது படியில்தான் இந்த வழியின் முழுப் பயனும் இருக்கிறது. ஸ்கேவஞ்சரை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டால் டோஸ் வீச்சும் உங்கள் சேம்பருக்கு ஏற்றபடி பத்துக்கணக்கான கிரேயில் அமையும், குழாய்க்குக் குழாய் விடையும் ஒட்டிவரும்.

## 8. கதிர்ப்படுத்தும் நாள்

முதல் முறை 0, 10, 30, 100 கிரே என்று அகல வைத்துப் பாருங்கள். முறுக்கு வடிவம் பாதியாகும் இடம் தெரிந்ததும், அதைச் சுற்றி ஆறேழு டோஸ்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு டோஸுக்கும் மூன்று தனிக் குழாய்கள், மூன்று தனி முறை கதிர்ப்படுத்தல். ஒரே குழாயிலிருந்து மூன்று குழிகளில் ஏற்றிவிட்டு மூன்று முறை செய்ததாக எழுதினால், நீங்கள் அளந்தது உங்கள் பைப்பெட் கையை மட்டும்தான். டோஸை ஏறுவரிசையில் கொடுக்காமல் கலைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் அதிக டோஸ் பெற்ற குழாய்தான் எப்போதும் கடைசியாக வரும். பனிக்கட்டியில் காத்திருந்த நேரமும் டோஸும் ஒன்றாகக் கூடிக் குழப்பும்.

கட்டுப்பாடுகள் நான்கு வேண்டும். பனிக்கட்டியிலேயே இருந்த குழாய். தட்டில் இறங்கி, டைமர் சுழியில், உடனே ஏறிய குழாய். பயண டோஸின் முறிவு இதில் நேராகத் தெரியும். 200 மில்லிமோலார் டிஎம்எஸ்ஓ சேர்த்து உயர்ந்த டோஸ் வாங்கிய குழாய். ஹைட்ராக்சிலைத் தடுத்தால் முறிவு வெகுவாகக் குறைய வேண்டும், குறையவில்லை என்றால் முறிவுக்கு வேறு காரணம் இருக்கிறது. கடைசியாக, ஈகோ ஆர்1 என்சைமால் வெட்டிய பிளாஸ்மிட். பிபிஆர்322-இல் அதற்கு ஒரே ஒரு வெட்டுமிடம்தான், ஆகவே நேர் இழைப் பட்டை (வளையம் வெட்டுண்டு நேராகிய டி.என்.ஏ) எங்கே வரும் என்று காட்டிவிடும்.

வெளியே எடுத்த குழாயை உடனே பனிக்கட்டியில் வையுங்கள். அன்றே ஜெல்லில் ஏற்றுங்கள். பெராக்சைடு உள்ளே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஏற்றும் சாயத்தில் இடிடிஏ இருக்கட்டும், இப்போது அது தீங்கில்லை. ஒன்று மட்டும் கூடாது: பழக்க தோஷத்தில் 65 டிகிரியில் சூடாக்குவது. கதிர்பட்ட டி.என்.ஏவில், இன்னும் முறியாமல் சர்க்கரை மட்டும் சேதமான இடங்கள் இருக்கும். சூடு பட்டதும் அவை முறிவாகிவிடும்.

## 9. ஜெல்

1 சதவீத அகரோஸ், டிஏஇ பஃபர், செ.மீக்கு 4 வோல்ட், இரண்டரை மணி நேரம். ஒரு குழிக்கு 200 நானோகிராம். எத்திடியம் புரோமைடை ஜெல்லுக்குள் கலக்க வேண்டாம். ஓடி முடித்தபின் மி.லிக்கு 0.5 மைக்ரோகிராம் கரைசலில் 40 நிமிடம் ஊறவைத்து, நீரில் அலசுங்கள். எத்திடியம் டி.என்.ஏவின் முறுக்கையே மாற்றும் பொருள். ஓடும்போதே இருந்தால் முறுக்கு வடிவமும் தளர்ந்த வளையமும் நகரும் வேகம் மாறி, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடும். கையுறை கட்டாயம்; அது மரபணுவைக் கெடுக்கும் பொருள்.

வேகமாக ஓடுவது முறுக்கு வடிவம், மெதுவாக ஓடுவது தளர்ந்த வளையம், இரண்டுக்கும் நடுவே நேர் இழை. ஒற்றை இழையில் ஒரு முறிவு விழுந்தாலே முறுக்கு அவிழ்ந்து தளர்ந்த வளையமாகிவிடும். இரு இழையும் அருகருகே முறிந்தால் நேர் இழை.

படமெடுக்கும்போது எந்தப் பட்டையும் வெள்ளையாக நிரம்பிவிடக் கூடாது. கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் படம் கணக்குக்கு ஆகாது. கருவியில் நிரம்பிய புள்ளிகளைச் சிவப்பாகக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் மங்கலாகவே எடுங்கள்.

முறுக்கு வடிவம் எத்திடியத்தைக் குறைவாகவே வாங்கும். அதனால் அந்தப் பட்டையை ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கட்டுரைகளில் 1.4 என்று வழக்கமாகப் போடுவார்கள். கடன் வாங்காதீர்கள், ஒரே எடையுள்ள முறுக்குப் பிளாஸ்மிட்டையும், ஈகோ ஆர்1 முழுமையாக வெட்டியதையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஓடவிட்டு, உங்கள் ஜெல், உங்கள் சாயம், உங்கள் கேமராவுக்கான காரணியை நீங்களே கண்டுபிடியுங்கள். அரை நாள் வேலைதான்.

## 10. முறிவை எண்ணுதல்

ஒவ்வொரு குழியிலும் மூன்று பட்டைகளின் (திருத்திய) மொத்தத்தில் முறுக்கு வடிவம் எத்தனை பங்கு என்று பாருங்கள். முறிவுகள் குறிவைத்து விழுவதில்லை, தற்செயலாக விழுகின்றன. ஆகவே பங்கு நேர்கோட்டில் குறையாது, அடுக்குக்குறியாகக் குறையும்:

ஒரு பிளாஸ்மிட்டுக்குச் சராசரி முறிவு = − இயல் மடக்கை (டோஸ் வாங்கியதன் பங்கு ÷ கட்டுப்பாட்டின் பங்கு)

ஒரு கணக்கு: கட்டுப்பாட்டில் 0.92, 40 கிரேயில் 0.50 என்றால், முறிவு 0.61. கிரேக்கு 0.0152. அதை 4361-ஆல் வகுத்தால் ஓர் இணைக்கு, ஒரு கிரேக்கு 3.5 × 10⁻⁶.

கட்டுப்பாட்டால் வகுக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வாங்கும்போதே 8 சதவீதம் முறிந்திருந்தது கதிரின் குற்றமல்ல. இன்னொரு தவறு, தளர்ந்த வளையத்தின் சதவீதத்தையே முறிவின் அளவாக எடுத்துக்கொள்வது. ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்து முறிவு விழுந்தாலும் அது ஒரே ஒரு தளர்ந்த வளையம்தான். அதிக டோஸில் இந்தப் பிழை பெரிதாகும்.

நேர் இழையும் தெரியத் தொடங்கினால், நேர் இழையின் பங்கை (1 − நேர் இழையின் பங்கு) என்பதால் வகுத்தால் இரட்டை இழை முறிவு கிடைக்கும். ஒற்றை முறிவு அப்போது இயல் மடக்கை [(1 − நேர் இழை) ÷ முறுக்கு]. நீர்த்த கரைசலில் குறைந்த டோஸில் நேர் இழை மிகக் குறைவாகவே வரும். பின்னணியிலிருந்து பிரித்தறிய முடியாத பட்டைக்கு எண் கொடுக்காதீர்கள்.

இறுதியில் முறிவை டோஸுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்து, பயண டோஸைச் சேர்த்தபின் அது சுழியின் வழியே போனால், 2 முதல் 6 வரையுள்ள எல்லாப் படிகளும் சரியாக நடந்திருக்கின்றன.

## 11. கோடு சரியாக வராதபோது

சுழியில் உயர்ந்து நின்றால் பயண டோஸ் அல்லது இரும்பு. இரண்டையும் பிரிக்க, பனிக்கட்டியிலேயே இருந்த குழாயை அன்றும் மறுநாளும் ஓடவிடுங்கள். அதிலேயே முறிவு கூடியிருந்தால் கதிருக்கும் அதற்கும் தொடர்பில்லை; உலோகமோ நியூக்ளியேஸ் என்சைமோ உள்ளே இருக்கிறது.

மேல் டோஸில் வளைந்து தட்டையானால், முறுக்குப் பட்டை பின்னணிக்குள் மூழ்கிவிட்டது. முறுக்கு வடிவம் 10 சதவீதத்துக்குக் கீழ் போன புள்ளிகளைக் கோட்டில் சேர்க்காதீர்கள்.

எல்லாப் புள்ளியும் ஒழுங்காக இருந்தும் சாய்வு மட்டும் மற்றவர்களுடையதிலிருந்து பல மடங்கு விலகினால், ஒப்பிடும் கட்டுரையின் பஃபரைப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே டிரிஸ் அளவு வேறாக இருக்கும். அப்படி இல்லையென்றால் உங்கள் டயாலிசிஸ் முழுமையாக நடக்கவில்லை, எத்தனால் மிஞ்சியிருக்கலாம்.

இவ்வளவும் நிலைப்பட்ட பிறகே எஃப்பிஜி போன்ற என்சைமைச் சேர்க்கும் கட்டத்துக்குப் போங்கள். அது 8-ஆக்ஸோகுவானின் போன்ற, முறியாமல் கெட்டுப்போன பேஸ்களை முறிவாக்கிக் காட்டும். என்சைம் சேர்த்ததும் சேர்க்காததும் ஒரே குழாயிலிருந்து பிரித்த இரு பாதிகளாக இருக்கட்டும். இரண்டும் 37 டிகிரியில் ஒரே நேரம் இருக்கட்டும். சேர்க்காத பாதியில் என்சைமின் சேமிப்பு பஃபரை மட்டும் அதே அளவு விடுங்கள். வித்தியாசம் மட்டுமே கெட்டுப்போன பேஸ்களின் எண்ணிக்கை. சூட்டில் தானாக முறிந்தவை இரு பாதியிலும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும்.

முறையை எழுதும்போது டோஸ் வீதம், அதை அளந்த தேதி, குழாயும் ஹோல்டரும், கதிர்ப்படுத்திய வெப்பம், பயண டோஸ், பஃபரில் இருந்த ஒவ்வொரு பொருளின் செறிவு, எத்திடியக் காரணி ஆகிய ஏழையும் எழுதுங்கள். காமா சேம்பரில் 50 கிரே கொடுத்தோம் என்ற ஒரே வரியை வைத்து வேறொருவரால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.